மெதுவாக மாறுவதும் மெதுவாக்கப்படுவதும்

1842 டிசம்பரில் சார்லஸ் டார்வின் தன் வீட்டுக்கு அருகே ஒரு வயலில் உடைத்த சுண்ணக்கட்டிகளைப் பரப்பச் செய்தார். அவை எவ்வளவு ஆழத்துக்குப் புதைகின்றன என்று பிற்காலத்தில் ஒருநாள் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த ஒருநாள் வர 29 ஆண்டுகள் ஆயின. 1871 நவம்பரில் அங்கே பள்ளம் வெட்டியபோது, சுண்ணக்கட்டிகள் தரைக்குக் கீழே 7 அங்குலத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. யாரும் மண் கொட்டி மூடவில்லை. மண்புழுக்கள் அடிமண்ணைத் தின்று, மேலே வந்து எச்சமாக இட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. ஆண்டுக்குக் கால் அங்குலத்துக்கும் குறைவான வேலை அது. ஒரு வருடம் கூடவே நின்று பார்த்தவர்கூட ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

மண்புழுக்களைப் பற்றிய அவருடைய நூல் 1881-இல், அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்தது. இவ்வளவு சிறிய புழுவால் இவ்வளவு பெரிய வேலை ஆகாது என்று அதற்கு முன்பே மறுத்தவர்கள் உண்டு. சிறிய காரணம் ஓயாமல் நடந்தால் எவ்வளவு சேரும் என்பதைக் கூட்டிப் பார்க்க மனித மனத்துக்கு வருவதில்லை என்பதுதான் டார்வினின் பதில். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை நாம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அவர் அங்குலக் கணக்கில் அளந்து காட்டினார்.

இந்த எண்ணம் உயிரியலோடு நிற்கவில்லை. சமூகம் எப்படி மாற வேண்டும் என்ற வாதங்களிலும் இருநூறு ஆண்டுகளாக அது வந்துகொண்டே இருக்கிறது. "இயற்கையே மெதுவாகத்தான் மாறுகிறது, மனிதர்கள் ஏன் அவசரப்பட வேண்டும்?" என்று யாராவது கேட்க நாம் எல்லோரும் கேட்டிருப்போம். இந்தக் கேள்வியின் முதல் பாதி எவ்வளவு உண்மை? அது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டாம் பாதி அதிலிருந்து வருமா? வராது என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஆனால் முதல் பாதியே நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது. அங்கிருந்தே தொடங்கலாம்.

பாறையிலிருந்து உயிருக்கு

மெதுவான மாற்றம் என்ற எண்ணம் உயிரியலுக்கு நிலவியலிலிருந்து வந்தது. 1788-இல் ஜேம்ஸ் ஹட்டன் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் சிக்கார் பாயிண்ட் என்ற இடத்தில் ஒரு காட்சியைக் கண்டார். கீழே, கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும் பழைய பாறை அடுக்குகள். அவற்றின் தலைக்கு மேல், லேசாகச் சாய்ந்து படுத்திருக்கும் செந்நிற மணற்பாறை. கீழ்ப்பாறை கடலடியில் படிந்து, இறுகி, மடங்கி எழும்பி, தேய்ந்து, அதன்மேல் மறுபடி மணல் படிந்து இறுகினால்தான் இப்படி ஆகும். அதற்கு எவ்வளவு காலம் தேவை என்று யோசித்தால், அன்றைய கணக்குப்படி சில ஆயிரம் ஆண்டுகளே வயதான பூமி போதவே போதாது.

இதைச் சார்லஸ் லயல் 1830 முதல் 1833 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த நூலில் ஒரு முழுக் கோட்பாடாக வளர்த்தார். இன்று நம் கண்முன் நடக்கும் மழை, ஆறு, எரிமலை, நிலநடுக்கம் இவையே பூமியை வடித்தன. வேறு பெரும் பிரளயங்களைக் கற்பனை செய்யத் தேவையில்லை என்றார். முதல் பாகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் டார்வின் 1831-இல் பீகிள் கப்பலில் ஏறினார். 1835 பிப்ரவரி 20-ஆம் தேதி சிலி நாட்டில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டு கன்செப்சியோன் நகரம் தரைமட்டமானது. அதன் பிறகு அங்கே போய்ப் பார்த்தபோது கடற்கரை சில அடி உயர்ந்திருந்தது; பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகள் நீர்மட்டத்துக்கு மேலே வந்து அழுகிக் கிடந்தன.

இந்த நிகழ்ச்சியை நான் முக்கியமாக நினைக்கிறேன். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அந்த நிலநடுக்கத்தில் மெதுவானது எதுவுமே இல்லை. சில நிமிடங்களில் ஊர் போனது. ஆனால் மலைத்தொடரின் கணக்கில் அது சில அடிதான். அப்படி ஆயிரக்கணக்கான அதிர்வுகள் சேர்ந்தால் ஆண்டீஸ் மலை. ஆக, மாற்றத்தின் வேகம் வேறு, அது எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியின் அளவு வேறு. சிறிய அடிகளால் ஆனது என்பதால் ஒரு மாற்றம் மெதுவானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் பின்னால் வரும் பல தவறான வாதங்கள் முளைக்கின்றன.

டார்வினுக்குத் தேவைப்பட்டது முக்கியமாகச் சிறிய அடி. காரணம் அவருடைய பொறுமையான குணம் மட்டுமல்ல. இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுவது, வேலைசெய்யும் விதமே அப்படி. அதற்கு முன்யோசனை கிடையாது. பத்துத் தலைமுறை கழித்து நல்ல கண் கிடைக்கும் என்பதற்காக இன்று ஒரு கெட்ட கண்ணைப் பொறுத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. ஒவ்வொரு அடியும் அந்த அடியிலேயே, அந்த உயிருக்கே பயன்பட வேண்டும். பெரிய தாவல் ஒன்று தற்செயலாகச் சரியான இடத்தில் போய் நிற்பது அரிது. சிறிய அடிக்கு அந்த ஆபத்து குறைவு.

1859 நவம்பரில் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவரும் நேரத்தில், அதை முன்னதாகவே படித்துவிட்ட தாமஸ் ஹக்ஸ்லி டார்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார். நூலுக்காகச் சண்டை போடவும் தயாராக இருந்த நண்பர் அவர். ஆனாலும், இயற்கை தாவுவதே இல்லை என்ற பழைய லத்தீன் வாக்கை இவ்வளவு முழுமையாகப் பிடித்துக்கொண்டு தேவையில்லாத சுமையை ஏற்றிக்கொண்டீர்கள் என்று அந்தக் கடிதத்திலேயே எச்சரித்தார். அந்தச் சர்ச்சை நூலோடு சேர்ந்தே பிறந்தது என்று சொல்லலாம்.

முதல் தாக்குதல் காலத்தின் பக்கமிருந்து வந்தது. பூமி உருகிய நிலையிலிருந்து குளிர்ந்துவந்த வேகத்தை வைத்து, அதன் வயது 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையில் இருக்கலாம் என்று 1862-இல் இயற்பியலாளர் கெல்வின் கணக்கிட்டார். பின்னாளில் அதை இன்னும் சுருக்கினார். டார்வின் நினைத்த பரிணாமத்துக்கு அது போதவில்லை; அவரைக் கடைசிவரை வருத்திய கணக்கு அது. கதிரியக்கத்தைக் கண்டுபிடித்து, அதை வைத்துப் பாறைகளின் வயதை அளக்கக் கற்ற பிறகுதான் 450 கோடி ஆண்டுகள் என்ற எண் வந்தது. காலம் தாராளமாகவே கிடைத்துவிட்டது.

சொல்லப்போனால் அவ்வளவு காலம் தேவைப்படவும் இல்லை. 1994-இல் டான் நில்சன், சுசான் பெல்கர் என்ற இரு ஆய்வாளர்கள், ஒளியை உணரும் வெறும் தட்டையான தோல் பகுதியிலிருந்து வில்லை உள்ள கண் வரை போக எத்தனை அடிகள் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஒவ்வொரு அடியிலும் ஒரு அளவு 1 சதவீதம் மட்டுமே மாறலாம் என்று வைத்துக்கொண்டால் 1,829 அடிகள். மிகவும் கஞ்சத்தனமான அனுமானங்களோடு பார்த்தாலும் 4 லட்சம் தலைமுறைகளுக்குள் முடிந்துவிடுகிறது. தலைமுறைக்கு ஓராண்டு என்றால் 4 லட்சம் ஆண்டுகள். விலங்குகள் பெருகிப் பலவிதமாகி 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அத்தனை சிறிய அடிகள், ஆனாலும் பூமியின் கணக்கில் மின்னல் வேகம்.

சராசரி மறைப்பது

இனி வேகத்துக்கு வருவோம். கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாப்னி மேஜர் என்றொரு சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்கே பிஞ்ச் குருவிகளைப் பிடித்து, வளையமிட்டு, அலகை அளந்து வந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சிறிய, மென்மையான விதைகள் சீக்கிரமே தீர்ந்துபோய், பெரிய கடினமான விதைகள் மட்டும் மிஞ்சின. அவற்றை உடைக்க ஆழமான அலகு வேண்டும். தரைப் பிஞ்ச் குருவிகளில் ஒரு வகை நூற்றுக்குச் சுமார் 85 மடிந்தது. தப்பியவற்றில் பெரிய அலகுக்காரர்களே அதிகம். அடுத்த தலைமுறையின் சராசரி அலகு ஏறத்தாழ 4 சதவீதம் ஆழமாகியிருந்தது. ஒரே வறட்சியில், ஒரே தலைமுறையில் பரிணாமத்தைக் கண்ணால் பார்த்தாயிற்று.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 1983-இல் எல் நினோ பெருமழை கொட்டித் தீர்த்தது. கொடிகளும் சிறிய விதைச் செடிகளும் தீவை மூடின. அதற்கடுத்த வறண்ட காலத்தில் சிறிய விதைகளே மிகுந்திருந்ததால், சிறிய அலகுக்காரர்கள் பிழைத்தார்கள். தேர்வு திசை மாறிவிட்டது. 1976-ஐயும் 1986-ஐயும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருப்போம். நடுவில் இரண்டு பெரும் மாற்றங்கள் எதிரெதிர்த் திசையில் நடந்து ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொண்டது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இது ஒரு தீவின் கதை மட்டும் இல்லை. 1983-இல் பிலிப் கிஞ்சரிச் என்ற தொல்லுயிரியலாளர், ஆய்வகச் சோதனைகளிலிருந்து புதைபடிவங்கள் வரை பல அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தார். எவ்வளவு நீண்ட இடைவெளியில் அளக்கிறோமோ அவ்வளவு குறைவாக மாற்றத்தின் வேகம் தெரிகிறது. சில ஆண்டுகளில் அளந்தால் வேகம். லட்சக்கணக்கான ஆண்டுகளில் அளந்தால் ஆமை நடை. அப்படியானால் புதைபடிவங்களில் நாம் காணும் மெதுவான மாற்றத்தில் பெரும்பகுதி, மேலும் கீழுமான வேகமான ஆட்டங்களின் சராசரி. மெதுவாக நடந்தது என்று நாம் சொல்லும்போது, நாம் எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இதே புள்ளியில் இருந்துதான் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ், ஸ்டீபன் ஜே கூல்ட் இருவரும் 1972-இல் பெரிய விவாதத்தைக் கிளப்பினார்கள். புதைபடிவங்களில் ஒரு இனம் பல லட்சம் ஆண்டுகள் பெரிதாக மாறாமல் நிற்கிறது, பிறகு சட்டென்று வேறொன்று தோன்றுகிறது. பதிவில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லி இதை ஒதுக்கக் கூடாது, அந்த நிலைத்தன்மையே ஒரு தகவல் என்றார்கள். இதைக் கேட்டுப் பலர் டார்வின் தோற்றார் என்று எழுதினார்கள். அது சரியில்லை. அவர்கள் சொன்ன "சட்டென்று" பல்லாயிரம் ஆண்டுகளை உள்ளடக்கக் கூடியது. குருவிகளைப் பார்ப்பவருக்கு அது முடிவில்லாத காலம். பாறையைப் பார்ப்பவருக்கு ஒரு மெல்லிய கோடு.

உண்மையிலேயே தாவல்களும் உண்டு. இரண்டு செடி இனங்கள் கலந்து பிறந்த கலப்பினத்தில் குரோமோசோம்கள் இரட்டிப்பாகிவிட்டால், ஒன்றிரண்டு தலைமுறைகளிலேயே புது இனம் பிறந்துவிடும். அது தாய் தந்தை இனங்களோடு சேர்ந்து வளமான விதை தராது. நாம் உண்ணும் கோதுமை இப்படி இருமுறை நடந்த கலப்பின் விளைவு. வட அமெரிக்காவில் டிராகோபோகன் என்ற பூச்செடியில் இருபதாம் நூற்றாண்டிலேயே இரண்டு புது இனங்கள் இப்படிப் பிறந்தன; 1950-இல் அவற்றை விவரித்து எழுதினார்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் என்னை மிகவும் யோசிக்கவைத்த சோதனை வேறொன்று. 1988 பிப்ரவரி 24-ஆம் தேதி ரிச்சர்ட் லென்ஸ்கி, ஒரே மூதாதையிலிருந்து வந்த ஈ. கோலை பாக்டீரியாவை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். தினமும் கொஞ்சம் குளுக்கோஸ். அது தீர்ந்ததும் பட்டினி. மறுநாள் புதுக் குடுவை. ஒரு நாளைக்கு ஆறேழு தலைமுறை. ஒவ்வொரு 500 தலைமுறைக்கும் ஒருமுறை மாதிரியை உறையவைத்துச் சேமித்தார்கள். குடுவைகளில் சிட்ரேட் என்ற பொருளும் நிறைய இருந்தது. ஆனால் ஆக்சிஜன் இருக்கும்போது ஈ. கோலையால் அதை உண்ண முடியாது. பதினைந்து ஆண்டுகள் அது கண்முன் கிடந்தும் யாரும் தொடவில்லை. 2003-இல், சுமார் 31,500-ஆவது தலைமுறையில், ஒரு குடுவை மட்டும் திடீரென்று கலங்கிப் போனது. அதிலிருந்த பாக்டீரியா சிட்ரேட்டை உண்ணக் கற்றுப் பெருகிவிட்டது.

இது தாவலா, படியா? ஆய்வுக்குழுவின் சாக்கரி பிளவுண்ட் உறையவைத்த பழைய மாதிரிகளை எடுத்து மறுபடி வளர்த்துப் பார்த்தார். தொடக்கக் காலத்து மாதிரிகளிலிருந்து எத்தனை முறை வளர்த்தும் அந்தத் திறன் வரவில்லை. சுமார் 20,000-ஆவது தலைமுறைக்குப் பிந்தைய மாதிரிகளிலிருந்து மட்டும், அரிதாக, மறுபடி வந்தது. அதாவது வெளியே எதுவும் தெரியாத அந்த நீண்ட காலத்தில், திறனைச் சாத்தியமாக்கும் வேறு மாற்றங்கள் முன்கூட்டியே சேர்ந்திருக்கின்றன. கடைசி மாற்றம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. படிப்படியா, திடீரா என்று இரண்டில் ஒன்றைக் கேட்கும் கேள்வியே இங்கே பொருந்தவில்லை. மற்ற 11 குடுவைகளும் அதே நாட்களைத்தான் கடந்தன என்பதையும் மறக்கக் கூடாது. காலம் போனதால் மட்டும் எதுவும் நடந்துவிடவில்லை.

அரசியலுக்கு வந்தபோது

சமூகம் மெதுவாக மாற வேண்டும் என்ற வாதம் டார்வினுக்கு முந்தியது. பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு 1790-இல் எட்மண்ட் பர்க் எழுதியதுதான் அதன் வலுவான வடிவம். நிறுவனங்களிலும் வழக்கங்களிலும் பல தலைமுறைகளின் அனுபவம் ஊறிக் கிடக்கிறது. அதை முழுக்க அறிந்த தனிமனிதர் யாரும் இல்லை. எல்லாவற்றையும் இடித்துக் கட்டுபவர் தனக்குத் தெரியாததையும் சேர்த்து இடிக்கிறார் என்பது அதன் சாரம். இருபதாம் நூற்றாண்டில் கார்ல் பாப்பர் வேறு கோணத்தில் இதற்கு வலு சேர்த்தார்: சிறிய மாற்றமாகச் செய்தால் எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடிக்கலாம், திரும்பிப் போகலாம். இவற்றை நான் மதிக்கிறேன். ஒரே வீச்சில் சமூகத்தை மாற்றப் போய்க் கோடிக்கணக்கான உயிர்களைக் காவுகொண்ட திட்டங்களை இருபதாம் நூற்றாண்டு பார்த்திருக்கிறது.

ஆனால் கவனியுங்கள், இவர்களுடைய வாதம் அடியின் அளவைப் பற்றியது; தவறைத் திருத்திக்கொள்ளும் வசதியைப் பற்றியது. "காத்திருங்கள்" என்பது அதற்குள் இல்லை. சிறிய அடிகளை வேகமாகவும் வைக்கலாம். டார்வினுக்குப் பிறகு வந்தவர்கள் இதைத்தான் கலந்துவிட்டார்கள். இயற்கை தாவுவதில்லை என்ற அதே லத்தீன் வாக்கை ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் தன் பொருளியல் நூலின் முகப்பிலேயே போட்டார். ஹெர்பர்ட் ஸ்பென்சரும் அவர் வழி வந்தவர்களும், சமூகத்தின் வளர்ச்சி தன் போக்கில் நடக்கும், அரசு கைவைத்துக் கெடுக்க வேண்டாம் என்றார்கள். உயிரியல் விதி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக அறிவுரையாக மாறிவிட்டது.

அந்த மாற்றத்தில் விடுபட்டுப் போனது ஒன்று. இயற்கைத் தேர்வின் வேகத்தை யாரும் முடிவுசெய்வதில்லை. சமூக மாற்றத்தின் வேகத்தை யாரோ முடிவுசெய்கிறார்கள். பெரும்பாலும், காத்திருப்பதால் எந்த இழப்பும் இல்லாதவர்கள்.

அடிமை முறையின் ஒழிப்பைவிட இதைத் தெளிவாகக் காட்டும் வரலாறு எனக்குத் தெரியவில்லை. 1792-இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானத்தை வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். ஹென்றி டண்டாஸ் எழுந்து அதில் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார்: "படிப்படியாக". அந்தச் சொல்லோடு தீர்மானம் 230-க்கு 85 என்ற கணக்கில் நிறைவேறியது. வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் வர 1807 ஆனது. இடைப்பட்ட 15 ஆண்டுகளில் பிரிட்டிஷ் கப்பல்கள் லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்களைச் சங்கிலியிட்டுக் கொண்டுபோயின. அந்தச் சொல் இல்லாமல் தீர்மானம் நிறைவேறியிருக்குமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அந்தச் சொல்லின் விலையை அந்த அவையில் இருந்த ஒருவர்கூடத் தரவில்லை.

1824-இல் எலிசபெத் ஹெய்ரிக் என்ற பெண்மணி, படிப்படியான ஒழிப்பு வேண்டாம், உடனடி ஒழிப்பே வேண்டும் என்று ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஒழிப்பு இயக்கத்தின் ஆண் தலைவர்களே அதை அவசரம் என்று நினைத்தார்கள். 1833-இல் சட்டம் வந்தபோதும், விடுதலை பெற்றவர்கள் சில ஆண்டுகள் பழைய எஜமானர்களிடமே "தொழில் பழகுநர்" என்ற பெயரில் கூலியின்றி உழைக்க வேண்டும் என்று எழுதினார்கள். எஜமானர்களுக்கு இழப்பீடு 2 கோடி பவுண்டு. உழைத்தவர்களுக்கு எதுவும் இல்லை. விடுதலைக்கு அவர்கள் மெல்ல மெல்லப் பழக வேண்டும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆன்டிகுவா தீவின் சட்டமன்றம் இந்த இடைக்காலம் வேண்டாம் என்று முடிவுசெய்து, 1834 ஆகஸ்ட் 1 அன்றே முழு விடுதலை கொடுத்தது. அஞ்சிய கலவரம் எதுவும் அங்கே வெடிக்கவில்லை. மற்ற பல தீவுகளில் இடைக்கால ஏற்பாடு தாக்குப்பிடிக்காமல் 1838-இல் கைவிடப்பட்டது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1780-லேயே படிப்படியான விடுதலைச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை 28 வயதில் விடுதலை பெறும். ஏற்கெனவே அடிமையாகப் பதிவானவர்களுக்கு வாழ்நாள் முழுதும் விடுதலை இல்லை. அங்கே அடிமை முறை முற்றிலும் முடிந்தது 1847-இல். படிகள் ஒழுங்காகத்தான் போடப்பட்டிருந்தன. ஒவ்வொரு படியும் ஒருவருடைய முழு இளமை.

தேதி குறிக்காத "மெதுவாக" இன்னும் மோசமானது. 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு எதிரானது என்றது. அடுத்த ஆண்டு, அதை எப்போது முடிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, நிதானமான வேகத்தில் என்ற பொருள்படும் ஒரு தொடரைப் பதிலாகத் தந்தது. பத்து ஆண்டுகள் போயும் தெற்கு மாநிலங்களில் வெள்ளை மாணவர்களோடு சேர்ந்து படித்த கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 1964-இன் குடிமை உரிமைகள் சட்டம், பிரிவினையைத் தொடரும் பள்ளிகளுக்கு மத்திய அரசின் பணம் கிடையாது என்ற பிறகே எண் மளமளவென்று ஏறத் தொடங்கியது.

சரி, மெதுவாக, அமைதியாக நடந்த நல்ல மாற்றங்களே இல்லையா? பிரிட்டனில் வாக்குரிமை விரிந்ததை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள்: 1832, 1867, 1884, 1918, 1928. புரட்சி இல்லாமல் ஐந்து படிகளில் எல்லோருக்கும் வாக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் அழகான படிக்கட்டு. கிட்டே போனால் 1838-இல் சார்ட்டிஸ்டுகள் என்ற தொழிலாளர் இயக்கம் ஆறு கோரிக்கைகளை வைத்தது தெரியும். எல்லா ஆண்களுக்கும் வாக்கு, ரகசிய வாக்கெடுப்பு, உறுப்பினராகச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினர்களுக்குச் சம்பளம், சம அளவுத் தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல். 1842-இல் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மனு கொடுத்தார்கள்; நாடாளுமன்றம் நிராகரித்தது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பிறகு சொத்துத் தகுதி 1858-இல் போனது, ரகசிய வாக்கெடுப்பு 1872-இல் வந்தது, தொகுதிகள் 1885-இல் பெருமளவு சமமாயின, சம்பளம் 1911-இல், எல்லா ஆண்களுக்கும் வாக்கு 1918-இல். ஆறில் ஐந்து நிறைவேறிவிட்டது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டவர்கள் இல்லாமல் அந்தப் படிகளை யார் கட்டியிருப்பார்கள்? குருவியின் அலகைப் போலவேதான்: பல ஆண்டுச் சராசரியைப் பார்ப்பவருக்கு நடுவிலிருந்த மோதல்கள் தெரிவதில்லை.

திடீர் மாற்றத்துக்கும் இதே மாதிரி ஒரு மறுபக்கம் உண்டு. 1978-இல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் ஒரு எளிய கணக்கைக் காட்டினார். ஒரு கூட்டத்தில் நூறு பேர். முதலாமவர் யாருக்காகவும் காத்திராமல் கலவரத்தில் இறங்குவார். இரண்டாமவர் ஒருவர் இறங்கினால் இறங்குவார். மூன்றாமவர் இரண்டு பேர் இறங்கினால். இப்படியே போனால் நூறு பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது இரண்டாமவரை மட்டும் மாற்றி, இரண்டு பேர் இறங்கினால்தான் இறங்குபவராக ஆக்குங்கள். முதலாமவர் தனியாக நிற்பார், கதை முடிந்தது. இரண்டு கூட்டங்களும் மனத்தளவில் கிட்டத்தட்ட ஒன்றே. விளைவு மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 1989-இல் கிழக்கு ஐரோப்பிய அரசுகள் சில மாதங்களில் சரிந்தபோது உலகம் வியந்தது ஏன் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. மனங்கள் பல ஆண்டுகளாக மாறிவந்தன. தெருவில் அது தெரியவில்லை. லென்ஸ்கியின் குடுவையிலும் 20,000-ஆவது தலைமுறையில் கலங்கல் எதுவும் இல்லைதானே.

துண்டு போட முடியாத மாற்றங்கள் சமூகத்திலும் உண்டு. 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு சுவீடன் நாடு முழுவதும் வாகனங்கள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. இதைப் படிப்படியாகச் செய்ய முடியாது. முதலில் லாரிகள், அடுத்த மாதம் கார்கள் என்று தொடங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1955-இல் வாக்கெடுப்பு நடத்தியபோது நூற்றுக்கு 80 பேருக்கு மேல் வேண்டாம் என்றிருந்தார்கள். பிறகு நாடாளுமன்றம் முடிவெடுத்து, நான்கு ஆண்டுகள் சாலைகளையும் சந்திப்புகளையும் பேருந்துகளையும் மாற்றி, மக்களுக்குச் சொல்லிச் சொல்லித் தயார்செய்து, கடைசி அடியை ஒரே நிமிடத்தில் வைத்தார்கள். இயற்கைத் தேர்வால் ஒருபோதும் முடியாத வேலை இது. அதற்கு நாளை என்ற ஒன்று தெரியாது, நமக்குத் தெரியும். மனித சமூகத்துக்கு இருக்கும் அந்த ஒரு வசதியை விட்டுவிட்டு, இயற்கையைப் பார்த்து நடக்கச் சொல்வது ஏன் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

மெதுவான சேதம்

மெதுவான மாற்றம் என்றால் நல்ல மாற்றத்தையே நாம் நினைக்கிறோம். கெடுவதும் மெதுவாகவே நடக்கலாம், அப்போது கண் அதைப் பார்க்கத் தவறுகிறது. 1995-இல் டேனியல் பாலி என்ற மீன்வள அறிவியலாளர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறை அறிவியலாளரும் தாம் வேலைக்கு வந்தபோது கடலில் இருந்த மீன் அளவையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குமுன் குறைந்தது கணக்கில் வருவதில்லை. அடுத்த தலைமுறை இன்னும் கீழே தொடங்குகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் ஐந்நூறு ஆண்டுகள் பிடித்துவந்த காட் மீன் அழிவின் விளிம்புக்குப் போய், 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. முப்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த மீன்வளம் பழைய அளவுக்கு மீளவில்லை.

காற்றில் கரியமில வாயுவும் அப்படித்தான் ஏறுகிறது. 1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஆண்டுக்கு இரண்டு மூன்று பங்கு என்பது ஒருவர் வாழ்வில் உணரவே முடியாத அளவு. ஆனால் கடைசிப் பனியூழி முடிந்தபோது சுமார் 80 பங்கு உயரப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. நாம் அதைவிட அதிகமாக, ஒரு மனித ஆயுளுக்குள் ஏற்றிவிட்டோம். பரிணாமத்தின் கடிகாரம் தலைமுறைகளில் ஓடுகிறது. அந்த ஒரு ஆயுளுக்குள் ஒரு பாக்டீரியா ஒரு லட்சம் தலைமுறைகளுக்கு மேல் கண்டுவிடும். விதை தரத் தொடங்கவே இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும் ஓக் மரம் இரண்டு மூன்று தலைமுறைகளைத்தான் காணும்.

1992-இல் ரியோ மாநாட்டில் உலக நாடுகள் கையெழுத்திட்ட காலநிலை உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு இந்தக் கடிகாரத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. உயிர்ச்சூழல்கள் இயல்பாகவே தகவமைத்துக்கொள்ளப் போதுமான கால அளவுக்குள் வாயுக்களின் உயர்வை நிறுத்த வேண்டும் என்கிறது அது. அன்று அளவு 356 பங்கு. இன்று ஓராண்டில் ஏறும் அளவு அன்று ஓராண்டில் ஏறியதைவிட அதிகம். மரங்களால் தங்கள் தலைமுறையைச் சுருக்கிக்கொள்ள முடியாது. அந்த உடன்படிக்கையில் உள்ள இரண்டு வேகங்களில் நம்மால் மாற்ற முடிந்தது மற்றதுதான்.